இரண்டாவது சாவி

சொல்லாமல் விடப்பட்டதுதான் ஒரு கவிதையைத் தாங்கி நிற்கிறது என்று நம் வட்டத்தில் வெகுகாலமாகச் சொல்லி வருகிறோம். சூசகம், பூடகம், தொனி என்று பல பெயர்களில் மௌனத்துக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு. நானும் அந்த மரியாதையோடு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் சொல்லாமல் விடுவதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு உரைநடையும் உலகில் இருக்கிறது. போன வருஷம் அதைத் தொடர்ந்து படிக்க நேர்ந்தது. கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் இதைப் பற்றி எழுதலாமா என்று கொஞ்சம் தயங்கினேன். சொற்கள் என்ன செய்கின்றன என்பதுதான் நம் அக்கறை என்றால், எழுதத்தான் வேண்டும்.

என் கிளையின் ஹெட் காஷியர் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவருடைய பங்கில் சிறுவர் பாதுகாப்புக்கென்று ஒரு குழு அமைத்து அவரையும் அதில் போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த விதிமுறைகளையும் ஒரு புகார்ப் படிவத்தையும் கொண்டுவந்து, "சார், நீங்க இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிச்சவரு. இத தமிழ்ல பண்ணிக் குடுங்க. பிள்ளைங்க படிச்சா புரியணும்" என்றார். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு வங்கியில் கிடைத்த ஒரே இலக்கியப் பணி என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். மொத்தம் நாலு பக்கம். முடிக்க இரண்டு மாதமாயிற்று.

இரண்டாவது கேள்வியிலேயே வேலை நின்றுவிட்டது. அங்கிருந்த ஆங்கிலச் சொற்றொடரை 'எல்லை மீறல்' என்று பெயர்த்து மேடமிடம் காட்டினேன். "எந்த எல்லை சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் தினசரிகளைப் புரட்டினால் 'சில்மிஷம்' என்று ஒரு சொல் கிடைக்கும். குறும்புக்கும் குற்றத்துக்கும் நடுவில் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கிற சொல். 'தகாத முறையில் நடந்துகொண்டார்' என்று இன்னொன்று. தகாதது எது, யாருக்கு என்று அதில் இல்லை. 'கற்பழிப்பு' என்று வெகுகாலம் எழுதினோம். செய்தவனிடம் எதுவும் அழியவில்லை, அவளிடமிருந்த ஏதோ ஒன்று அழிந்துவிட்டது என்று அந்தச் சொல்லே தீர்ப்பெழுதிவிடும். இப்போது வழங்குகிற 'பாலியல் வன்கொடுமை' நேர்மையான சொல்தான். எட்டு வயதுக் குழந்தை அதை எங்கே கேட்டிருக்கும்? உடம்பின் சில இடங்களுக்கு நம் குழந்தைகளிடம் வார்த்தையே கிடையாது. இருப்பது வைத்தியர் சொல், இல்லாவிட்டால் வசைச் சொல். பெயர் இல்லாத இடத்தைப் பற்றி ஒரு குழந்தை எப்படிப் புகார் சொல்லும்?

இப்படிப்பட்ட படிவங்கள் ஏன் தேவைப்பட்டன என்று தெரியாமல் மொழிபெயர்க்க முடியவில்லை. அறிக்கைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஒரு கிராண்ட் ஜூரி — குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று விசாரிக்கும் குடிமக்கள் குழு — வெளியிட்ட அறிக்கை அவற்றில் ஒன்று. ஆறு கத்தோலிக்க மறைமாவட்டங்களின் உள்கோப்புகளை வாங்கிப் படித்து எழுதியது. 300-க்கு மேற்பட்ட குருமார். அடையாளம் தெரிந்தவரையிலேயே 1,000-க்கு மேற்பட்ட குழந்தைகள். எண்களைத் தாண்டி என்னை நிறுத்தியது கோப்புகளின் மொழியைப் பற்றி அதில் வரும் பகுதி. எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, மறைப்பதற்கென்றே ஒரு கைப்புத்தகம் இருந்ததுபோல அதே உபாயங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் முதலாவதே நடை சம்பந்தப்பட்டது. பலாத்காரம் என்று எழுதாதே. பொருத்தமற்ற தொடர்பு என்றோ எல்லை பற்றிய பிரச்னை என்றோ எழுது. ஒரு குருவை அகற்ற நேர்ந்தால் காரணத்தைச் சொல்லாதே. உடல்நலமில்லாமல் விடுப்பில் இருக்கிறார், நரம்புத் தளர்ச்சி என்று பங்கு மக்களிடம் சொல்.

விமர்சகனாகப் பார்த்தால் இது ஓர் இலக்கண நூல். எழுவாயை எடுத்துவிடு, வினையைப் பெயராக்கு, பெயரை நோயாக்கு. தமிழில் இது இன்னும் சுலபம். 'ஒரு சம்பவம் நடந்துவிட்டது' என்றால் போதும். செய்தவன் வாக்கியத்தைவிட்டு எழுந்து போய்விடுவான். கவிதையில் விடப்பட்ட சொல்லை வாசகன் தேடிப் போகிறான். இங்கே, யாரும் தேடிப் போகக்கூடாது என்பதற்காகச் சொல் விடப்படுகிறது. இரண்டையும் மௌனம் என்று ஒரே பெயரால் அழைப்பது நம் சோம்பல்.

வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு வேறோர் அதிர்ச்சியும் காத்திருந்தது. என் தினசரி வாழ்க்கையின் மூன்று சாதாரணச் சொற்கள் — சாவி, மாற்றல், விடுப்பு — இந்த அறிக்கைகளில் தலைகீழாகக் கிடந்தன.

எங்கள் ஸ்ட்ராங் ரூமை யாரும் தனியாகத் திறக்க முடியாது. ஒரு சாவி மேடமிடம், இன்னொன்று அதிகாரியிடம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பைசா குறையாமல் கணக்கு முடித்தவர் மேடம். அதற்காக அவரிடம் இரண்டு சாவியையும் யாரும் கொடுத்துவிடுவதில்லை. அவரும் இதை அவமானமாக நினைத்ததில்லை. இப்போது இன்னொரு பெட்டகம். 1983-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 489, 490-வது விதிகள், மறைமாவட்ட அலுவலகத்தில் இரகசியக் காப்பகம் ஒன்று, குறைந்தபட்சம் பூட்டிய பெட்டகமோ அலமாரியோ, இடம்பெயர்க்க முடியாதபடி இருக்க வேண்டும் என்கின்றன. சாவி ஆயர் ஒருவரிடம் மட்டும். ஒழுக்கம் சம்பந்தமான குற்ற வழக்குகளில், குற்றவாளி இறந்துவிட்டாலோ தண்டனைத் தீர்ப்பாகிப் பத்து வருஷம் கழிந்துவிட்டாலோ, ஒரு சுருக்கத்தையும் தீர்ப்பின் வாசகத்தையும் நிறுத்திக்கொண்டு மற்றக் காகிதங்களை வருஷந்தோறும் அழித்துவிட வேண்டும். பென்ஸில்வேனியாவில் ஜூரி வாங்கிப் படித்தவற்றில் இப்படிப்பட்ட காப்பகங்களில் இருந்தவையும் உண்டு. ஆயர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு நான் போகவில்லை. சாவி ஒன்றே ஒன்றுதான் என்பது போதும்.

அடுத்து, மாற்றல். ஒரே ஊரில் ஒரே இருக்கையில் ஒருவர் வெகுகாலம் இருந்தால் அவரைச் சுற்றி ஒரு திரை வளர்ந்துவிடும் என்ற அனுபவத்திலிருந்து எங்களுக்கு மாற்றல்கள் வந்தன. போகிறவரின் பொறுப்பை வருகிறவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வார். திரையைக் கிழிப்பதற்கு மாற்றல். 2002 ஜனவரியில் 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை வெளியிட்ட ஜான் கேகன் என்ற குருவின் கதையில் மாற்றல் திரையாகவே இருந்தது. சுமார் முப்பது வருஷத்தில் ஆறு பங்குகள்; குற்றம் சாட்டியவர்கள் 130 பேருக்கு மேல். பெற்றுக்கொண்ட பங்குகள் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை; எண்ணுவதற்கு ஏதோ இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் பாஸ்டனின் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். 2004-ல் அவர் ரோமில் ஒரு பெரும் பசிலிக்காவின் தலைமைக் குருவாக நியமிக்கப்பட்டார். அதுவும் ஒரு மாற்றல். இது தூரத்துச் சமாசாரம் மட்டும் என்று சொல்ல முடியாது. நம் உதகை மறைமாவட்டத்திலிருந்து மின்னஸோட்டாவுக்குப் போய்ப் பணியாற்றிய ஒரு குரு, அங்கே ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு இழைத்த குற்றத்தை 2015-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2016-ல் இங்கே அவர் மேலிருந்த தடை நீக்கப்பட்டது.

மூன்றாவது, விடுப்பு. முக்கியப் பொறுப்புகளில் இருக்கிற வங்கி ஊழியர்களை வருஷத்தில் குறைந்தது பத்து வேலை நாட்கள் ஒருசேர, முன்கூட்டித் தெரிவிக்காமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிஸர்வ் வங்கியின் 2021-ம் வருஷத்துச் சுற்றறிக்கை சொல்கிறது. அவர் இல்லாத நாட்களில் அவருடைய மேஜை பேசட்டும் என்பதுதான் நோக்கம். பாஸ்டனில் பத்திரிகைக்காரர்கள் மறைமாவட்டத்தின் வருஷாந்தரக் கையேடுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, 'நோய் விடுப்பு', 'பணி ஒதுக்கப்படாதவர்' என்பது போன்ற குறிப்புகள் எந்தெந்தப் பெயர்களுக்கு எதிரே வருகின்றன என்று தேடினார்கள். விடுப்பு என்ற சொல் அங்கே மூடி. அவர்கள் அதைச் சங்கேதமாக வாசித்துத் திறந்தார்கள். நான் அறிந்த மிகச் சிறந்த பாட விமர்சனங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன்.

வங்கி புனிதமான இடம் என்று சொல்லவரவில்லை. இரண்டு சாவியும் ஒரே மேஜை டிராயரில் கிடந்தால் என்ன ஆகும் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஸ்தாபனம் எதை எண்ணுகிறதோ அதைத்தான் காக்கிறது. நாங்கள் பணத்தை எண்ணுகிறோம். டப்ளின் உயர்மறைமாவட்டம் எதை எண்ணியது என்று 2009-ல் வந்த மர்ஃபி அறிக்கை பட்டியலிட்டது: இரகசியம் காத்தல், அவதூறு வராமல் தவிர்த்தல், திருச்சபையின் பெயர், அதன் சொத்து. இப்படிப்பட்ட வழக்குகளால் நேரக்கூடிய செலவுக்கு அந்த உயர்மறைமாவட்டம் 1987-லேயே இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தது. அபாயம் தெரிந்துதான் இருந்தது. எண்ணிக்கைப் புத்தகத்தில் குழந்தைகளுக்கு ஒரு பத்தி இல்லை.

அவதூறு என்று நான் எழுதிய இடத்தில் ஆங்கிலத்தில் வரும் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. தடுக்கி விழ வைக்கும் கல், பொறி என்று அதற்குப் பொருள். தமிழ் வேதாகமத்தில் 'இடறல்' என்று அழகாக வருகிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 18-ம் அதிகாரத்தில், சிறியவர்களில் ஒருவனை இடறச் செய்கிறவனுக்குத் திரிகைக் கல்லைக் கழுத்தில் கட்டிக் கடலில் ஆழ்வதே மேல் என்கிறார் இயேசு. அங்கே இடறல் குழந்தைக்கு நேர்வது. அலுவலகக் கோப்புகளில் அதே சொல் இடம்பெயர்ந்து, வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுவதுதான் இடறல் என்று ஆகிவிட்டது. குழந்தை விழுந்தது இடறல் அல்ல. விழுந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்ததுதான். ஒரு சொல்லின் பொருள் இப்படித் திரும்பிக்கொண்டதற்கு எத்தனை குழந்தைகள் விலை கொடுத்தார்கள் என்பதை அகராதிகள் சொல்லாது.

அப்படியானால் வெளிப்படையாக எழுதிவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது. 1982-ல் எழுதப்பட்ட இரண்டு காகிதங்கள் இதற்குச் சாட்சி. ஒன்று பாஸ்டனில்: ஏழு பையன்களின் உறவினரான ஒரு பெண்மணி கேகனைப் பற்றி அப்போதைய கர்தினாலுக்கு எழுதிய கடிதம். 1984-ல் கேகன் அடுத்த பங்குக்கு அனுப்பப்பட்டார். மற்றது இங்கிலாந்தில்: ஆங்கிலிக்கன் சபை சார்ந்த பையன்களுக்கு முகாம்கள் நடத்தியவர்களில் ஒருவரான ஜான் ஸ்மைத் என்ற வக்கீல், பக்தியின் பெயரால் பையன்களைத் தன் தோட்டக் கொட்டகையில் இரத்தம் வர அடித்தது பற்றி, மார்க் ரஸ்டன் என்ற குரு விசாரித்து எழுதிய அறிக்கை. இந்த இரண்டாவது காகிதத்தில் பூடகமே இல்லை. இவை குற்றங்கள் என்று 1861-ம் வருஷத்துச் சட்டத்தையே அது குறிப்பிட்டது. ஆனால் சிலர் கைக்குள் மட்டும் சுற்றியது, போலீஸுக்குப் போகவில்லை. அதே 1984-ல் ஸ்மைத் ஜிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்து அங்கேயும் முகாம்கள் நடத்தினார். 1992-ல் அவருடைய முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். ஸ்மைத் 2018-ல் கேப் டவுனில், இங்கிலாந்தில் செய்தவற்றுக்காக எந்தக் கூண்டிலும் ஏறாமல் செத்துப்போனார். 2024 நவம்பரில் மேக்கின் ஆய்வறிக்கை வெளிவந்தபின் கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். தெளிவான உரைநடை வெகுகாலம் ஓர் உறைக்குள் இருந்தது. அதைப் படித்தவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள். இரண்டாவது சாவி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

2019 மே மாதம் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, ஒவ்வொரு மறைமாவட்டமும் புகார் பெறுவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது; குருக்களும் துறவியரும் தங்களுக்குத் தெரியவந்ததை மேலிடத்துக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. அந்த வருஷம் டிசம்பரில் இவ்வகை வழக்குகளுக்கு இருந்த பாப்பரசரின் இரகசியக் காப்பையும் அவர் நீக்கினார். இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆனால் மேலிடம் என்பதும் அதே வீட்டின் மாடிதான்.

நம் நாட்டில் வெளிச் சாவிக்குச் சட்டம் இருக்கிறது. போக்சோ என்று எல்லோரும் சொல்கிற 2012-ம் வருஷத்துச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ அறிவிக்க வேண்டும். தன் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தை அறிவிக்கத் தவறும் ஸ்தாபனத் தலைவருக்கு, 21-வது பிரிவுப்படி ஒரு வருஷம் வரை சிறை. இதையெல்லாம்விட என்னை வசீகரித்தது அந்த 19-வது பிரிவின் உட்பிரிவுகள். புகாருக்கு ஒரு பதிவெண் இட வேண்டும்; எழுத்தில் பதிய வேண்டும்; சொன்னவருக்கே அதை வாசித்துக் காட்ட வேண்டும்; புத்தகத்தில் ஏற்ற வேண்டும். சொல்வது குழந்தை என்றால், பதியப்படுவது என்னவென்று அதற்கே விளங்கும்படி எளிய மொழியில் எழுத வேண்டும். உரைநடைக்கு இவ்வளவு கடுமையான ஓர் அளவுகோலை எந்த விமர்சகனும் வைத்ததாக நான் படித்ததில்லை. வாசகன் எட்டு வயது. பொருள் அவனுடைய உடம்பு. அவனுக்குப் புரியாவிட்டால் எழுதியது செல்லாது.

குற்றம் சாட்டப்பட்டவரின் கதி என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பதிவெண் அவரையும் காக்கிறது. வதந்திக்குத் தேதி கிடையாது, கையெழுத்து கிடையாது, மறுப்பு எழுத இடம் கிடையாது. ஒரு பங்கில் கிசுகிசுவாகவே பத்து வருஷம் உலவும் பெயருக்கு விசாரணை தருகிற விடுதலை ஒருநாளும் கிடைக்காது. நிரபராதிக்கும் இரண்டாவது சாவி வேண்டும்.

படிவத்தை ஒருவழியாக முடித்தோம். 'எல்லை மீறல்' போய்விட்டது. 'உன்னைத் தொட்டாரா? எங்கே தொட்டார்? படத்தில் காட்டலாம். யாரிடமும் சொல்லாதே என்றாரா?' என்று இருக்கிறது. மேடம் தன் பேத்தியிடம் வாசித்துக் காட்டி, புரியாத இரண்டு வார்த்தைகளை மாற்றிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில், பூர்த்தி செய்த படிவத்தைப் பங்குத் தந்தையிடம் கொடுக்கவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. "அவர் மேலயே புகார்னா சார்?" என்றார் மேடம். குழுவில் அதையே கேட்டிருக்கிறார். சிறிது நேரம் யாரும் பேசவில்லையாம். பங்குத் தந்தை இளைஞர். அவரே அந்த வரியை அடித்துவிட்டு, காவல் நிலையம் என்றும், குழந்தைகள் உதவி எண் 1098 என்றும் எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு சாவியோடு முப்பது வருஷம் வேலை பார்த்த மேடத்துக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நேர்மையானவர்களுக்கு இரண்டாவது சாவி பாரத்தைக் குறைக்கிறது.

இதை நான் இந்தப் பத்திரிகையில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மிடம் ஆயர்கள் இல்லை, இரகசியக் காப்பகமும் இல்லை. ஆனால் யாருடைய கவிதை அச்சேறும், யார் கூட்டத்துக்கு அழைக்கப்படுவார், யார் முன்னுரை எழுதுவார் என்கிற சாவிகள் சிலரிடம் இருக்கின்றன. அவற்றை எதிர்பார்த்து எழுத வருகிற இளம் பெண்களும் பையன்களும் இருக்கிறார்கள். நமக்கென்று ஒரு கைப்புத்தகமும் உண்டு. 'கலைஞனின் பலவீனம்', 'அவர் சுபாவமே அப்படி', 'அந்தரங்க விஷயம்'. எல்லாவற்றுக்கும் மேலாக, 'படைப்பைப் பார், படைப்பாளியைப் பார்க்காதே'. இது வாசிப்புக்கு ஏற்பட்ட விதி, நான் இன்றும் மதிக்கிற விதி. ஒரு பெண் வந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது அதை எடுத்து நீட்டினால், அது விமர்சனத்தின் விதியாக இருப்பதில்லை, பூட்டிய அலமாரியாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது சிரமமானதல்ல. சொல்வதைத் தேதியிட்டு எழுதிக்கொள்வது. எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுவது. சொன்னவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் நேரே போலீஸுக்குப் போவது. மேலே என்றால், அவர் சம்மதத்தோடு, நம் யாருடைய கவிதைக்கும் கடமைப்படாத ஒருவர் கையில் அதைக் கொடுப்பது. அந்த ஒருவர் யார் என்று அடுத்த கூட்டத்துக்குள் நாம் முடிவு செய்துவிடலாம். அவர் எழுத்தாளராக இல்லாமல் இருப்பது நல்லது.